வெளிநாடு புறப்படும் பிள்ளைகளும் பாதி ஆண்டின் வரிக் கணக்கும்



நம் மத்ரஸாவில் ஓதி வளர்ந்த இருவர் சென்ற ஆண்டு துபாய்க்குப் புறப்பட்டனர். இருவரும் போடிநாயக்கனூரில் ஒரே தெருவைச் சேர்ந்தவர்கள். சென்னையில் கணினித் துறையில் ஏறத்தாழ ஒரே சம்பளத்தில் பணியாற்றியவர்கள். பணியிலிருந்து விடுபட்டு ஊருக்கு வந்து, நம்மிடம் துஆ கேட்டுச் சென்றனர். முதலாமவர் செப்டம்பர் 25-ஆம் தேதி விமானம் ஏறினார். இரண்டாமவர் அக்டோபர் 5-ஆம் தேதிதான் ஏறினார். அவருடைய அத்தாவுக்குப் போடிமெட்டுக்கு மேலே சிறு ஏலத்தோட்டம் உண்டு. பறிப்பு நடந்துகொண்டிருந்த வேளை அது. ஜீப்பில் ஆட்களை ஏற்றி அனுப்பவும், பறித்த காயை உலர்த்துமிடத்தில் இரவு கண்விழித்துப் பார்க்கவும் மகன் பத்து நாள் கூட நின்றார். பெற்றோருக்குச் செய்த அந்தப் பணிவிடைக்குரிய கூலி அல்லாஹ்விடம் உண்டு. ஆனால், அந்தப் பத்து நாட்களின் விலை ஏறத்தாழ ஒன்றரை இலட்சத்தை நெருங்கும் என்று அவரிடம் யாரும் சொல்லவில்லை. அதில் நமக்கும் பங்குண்டு. “வளைகுடாவில்தான் வருமான வரியே இல்லையே, இனி உமக்கு என்ன கணக்கு?” என்று அவரிடம் சொன்னவர்களில் நாமும் ஒருவர். அறியாத விஷயத்தில் வாய்திறந்த அந்தத் தவற்றை ஒப்புக்கொண்டு, இயன்றவரை திருத்துவதற்காகவே இதனை எழுதுகிறோம்.

நம் நாட்டின் வருமான வரிச் சட்டம் ஒரு மனிதரின் ஆண்டை இரண்டாகப் பிளப்பதில்லை. பிரிட்டன் போன்ற சில நாடுகளில், இடையில் வந்தவருக்கும் போனவருக்கும் ஆண்டை இரு பகுதியாக்கிக் கணக்கிடும் வழி இருக்கிறது. இங்கே அது கிடையாது. ஏப்ரல் 1 முதல் மார்ச் 31 வரை ஒரே ஆண்டு. அந்த ஆண்டு முழுவதற்கும் ஒருவர் இங்கே வசிப்பவர், அல்லது வசிக்காதவர். எது என்பதை மனம் தீர்மானிப்பதில்லை, விசாவும் தீர்மானிப்பதில்லை. நாட்களின் எண்ணிக்கை தீர்மானிக்கிறது. வேலைக்காக நாட்டை விட்டுச் செல்லும் இந்தியக் குடிமகன் அந்த ஆண்டில் 182 நாட்களோ அதற்கு மேலோ இங்கு இருந்திருந்தால் வசிப்பவர். அதற்குக் குறைந்தால் வசிக்காதவர். 1961-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 6-ஆம் பிரிவு சொன்னது இது. 2026 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த 2025-ஆம் ஆண்டின் புதிய சட்டத்திலும் இந்த எண்ணிக்கை தொடர்கிறது.

விரல்விட்டு எண்ணிப் பாருங்கள். ஏப்ரல் முதல் ஆகஸ்ட் முடிய 153 நாட்கள். செப்டம்பர் 28 அன்று 181. செப்டம்பர் 29 அன்று 182. ஆக, கோடு அந்த இரு தேதிகளுக்கும் நடுவே ஓடுகிறது. புறப்படும் நாளையும் இங்கிருந்த நாளாகவே எண்ணிக்கொள்வது பாதுகாப்பானது. முதலாமவர் இங்கிருந்தது 178 நாட்கள், இரண்டாமவர் 188.

வசிக்காதவருக்கு இங்கே சம்பாதித்ததற்கு மட்டுமே இங்கே வரி. வசிப்பவருக்கோ உலகில் எங்கு சம்பாதித்தாலும் அது இந்தியக் கணக்கில் வரும். துபாயில் வரி இல்லை என்பது உண்மைதான். ஆனால் அந்த ஆண்டில் அவர் இந்தியாவில் வசிப்பவர் ஆகிவிட்டால், துபாய்ச் சம்பளமும் இந்திய விகிதத்தில் வரிக்கு உட்படும். அங்கே வரி கட்டவில்லை என்பதால், இங்கே கழித்துக்கொள்ளவும் ஒன்றும் இராது.

இருவரின் கணக்கையும் 2025–26 நிதியாண்டின் புதிய முறைப்படி போட்டுப் பார்ப்போம். எளிமைக்காகத் தொகைகளை முழுமையாக்கிக் கொள்கிறோம். புறப்படும்வரை சென்னையில் பெற்றது இருவருக்கும் 6 இலட்சம். துபாயில் மார்ச் முடியப் பெற்றது 12 இலட்சம். முதலாமவருக்கு அந்த 12 இலட்சம் கணக்கிலேயே வராது. 6 இலட்சத்தில் நிலையான கழிவு 75,000 போக 5.25 இலட்சம், முதல் 4 இலட்சத்திற்கு வரியில்லை, மீதி 1.25 இலட்சத்திற்கு 5 சதவீதம் 6,250. அதன்மேல் 4 சதவீதக் கூடுதல் தீர்வையுடன் 6,500 ரூபாய். இரண்டாமவருக்கு 18 இலட்சமும் கணக்கில் வரும். கழிவு போக 17.25 இலட்சம். வரி 1,45,000; தீர்வையுடன் 1,50,800 ரூபாய். முன்கூட்டித் தவணையாகக் கட்டியிருக்க வேண்டிய வரியைக் கட்டாததற்காக மாதம் ஒரு சதவீத வீதம் கூடுதல் தொகையும் சேர்ந்தது.

முதலாமவரின் 6,500 ரூபாயிலும் ஒரு பாடம் இருக்கிறது. “பன்னிரண்டு இலட்சம் வரை வரியில்லை” என்னும் பேச்சு இன்று எல்லார் வாயிலும் உலவுகிறது. அந்தத் தள்ளுபடி இங்கே வசிப்பவருக்கு மட்டும் உரியது. வசிக்காதவருக்கு 4 இலட்சத்தைத் தாண்டினாலே வரி தொடங்கிவிடும். ஆண்டு முழுதும் இருப்பார் என்று நினைத்து நிறுவனம் ஒரு காசும் பிடித்தம் செய்யாமல் விட்டிருக்கலாம். அந்தக் கடன் பிள்ளையின் தலையில் நிற்கும். அதற்கு மாறாக, பெரிய சம்பளக்காரருக்கு ஆண்டு முழுமைக்கும் கணக்கிட்டு அதிகமாகப் பிடித்திருப்பார்கள். அது திரும்பக் கிடைக்க வேண்டிய ஹலாலான சொந்தப் பணம். கணக்குத் தாக்கல் செய்ய அஞ்சி அதை அப்படியே விட்டுவிட்டவர்களையும் நாம் அறிவோம்.

இரண்டாமவர் இந்த நிலைமையை அறிந்தபோது, உறவினர் ஒருவர் சொன்ன யோசனை: “படிவத்தில் வசிக்காதவர் என்று குறித்துவிடு, யார் எண்ணப் போகிறார்கள்?” இன்னொருவர் இன்னும் ஒருபடி மேலே சென்றார்: “தோட்டம்தான் இருக்கிறதே, வந்த பணத்தையெல்லாம் ஏலக்காய் வருமானம் என்று எழுது.” பிள்ளை நம்மிடம் தொலைபேசியில் கேட்டார். கட்டிவிடுமாறு சொன்னோம். கட்டினார். அவர் தம்முடைய முதல் சேமிப்பில் பெரும்பகுதியை அதில் இழந்தார் என்பதை மறைப்பதற்கில்லை.

நாம் அவ்வாறு சொன்னதன் காரணத்தைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும். அரசின் வரி மார்க்கத்தில் கடமையா, முற்காலத்தில் வழிமறித்து வாங்கிய அநியாயச் சுங்கத்தை இத்துடன் ஒப்பிடலாமா என்றெல்லாம் நம்மிடையே நீண்ட விவாதங்கள் உண்டு. அவற்றுள் நாம் இப்போது நுழையவில்லை. வரிப் படிவத்தின் இறுதியில் ஓர் உறுதிமொழி இருக்கிறது. மேலே கண்டவை உண்மையானவை, முழுமையானவை என்று தம் பெயரையும் தந்தை பெயரையும் எழுதி ஒப்பமிடுகிறோம். இது சாட்சியம். பொய்ச்சாட்சியம் பெரும் பாவங்களுள் ஒன்று என்பதை நம் மத்ரஸாவின் சிறு பிள்ளையும் அறியும். வரியைப் பற்றி எந்தக் கருத்து உடையவராயினும், பொய்யான ஒப்பத்திற்கு அதில் இடம் கிடையாது. திருக்குர்ஆனின் மிக நீளமான வசனம் கொடுக்கல் வாங்கலை எழுதி வைப்பதைப் பற்றியது என்பதையும் இவ்விடத்தில் நினைவூட்டுகிறோம். உலகியல் பக்கமும் எளிதானதன்று: வருமானத்தைத் தவறாக அறிவித்தது தெரியவந்தால், அந்த வரியின் இருமடங்கு அபராதம் விழும். கடவுச்சீட்டில் முத்திரை இருக்கிறது; எண்ணுவதற்கு யாரும் சிரமப்படத் தேவையில்லை.

அதே வேளையில், தேதியை அறிந்து முன்கூட்டியே புறப்படுவது வஞ்சகமா என்று கேட்பவர்களும் உள்ளனர். இல்லை என்பதே நம் கருத்து. சட்டம் வெளிப்படையாகக் கோடு கிழித்திருக்கிறது. கோட்டிற்கு இப்பால் நிற்பதற்கும், அப்பால் நின்றுகொண்டு இப்பால் நின்றதாகச் சொல்வதற்கும் இடையே உள்ள தொலைவு பெரிது.

ஏலக்காய் வருமானம் என்று எழுதச் சொன்ன யோசனை நம் ஊருக்கே உரியது. ஆகவே அதனையும் பார்ப்போம். (போடியில் காய்க்கும் பெயர் ஏலம், அது விலைபோகும் இடத்திற்கும் பெயர் ஏலம்; வெளியூரார் குழம்புவதுண்டு.) தோட்டத்தில் விளைவித்து, உலர்த்தி, நறுமணப் பொருள் வாரியத்தின் மின்னணு ஏலத்தில், போடியிலோ புத்தடியிலோ விற்பவரின் வருமானம் விவசாய வருமானம். மத்திய வருமான வரி அதன்மீது இல்லை. தோட்டக்காரர் வெளிநாடு சென்று வசிக்காதவர் ஆனாலும் இந்த விலக்கு தொடரும். ஆனால் ஏலத்தில் வாங்கித் தரம்பிரித்து வடநாட்டிற்கு அனுப்புபவர் வியாபாரி. அவர் வருமானத்திற்கு வரி உண்டு. இரண்டையும் ஒரே பேரேட்டில் எழுதிவைத்து, எது எதுவென்று தெரியாமல் மகனை அனுப்பும் வீடுகள் பல. விவசாய வருமானம் 5,000 ரூபாயைத் தாண்டி, மற்ற வருமானமும் வரிவரம்பைக் கடந்தால், வரி விகிதத்தைக் கணக்கிடுவதற்கு அதுவும் சேர்த்துக்கொள்ளப்படும் என்பதையும் பலர் அறிவதில்லை. போகிறபோக்கில் ஒன்று: அரசு ஏலக்காயை விட்டுவைத்தது என்பதால் உஷ்ரும் விட்டுவிட்டது என்று எண்ணிவிடாதீர்கள். நம் பகுதியில் ராவுத்தர்கள் பெரும்பாலும் ஹனஃபி மத்ஹபைப் பின்பற்றுகிறோம். நிலத்தின் விளைச்சலில் உஷ்ர் உண்டு என்ற இமாம் அபூஹனீஃபா அவர்களின் தீர்ப்பு, வருமான வரி அலுவலகத்தைக் கேட்டு எழுதப்பட்டதன்று. ஜகாத்தும் அவ்வாறே. அதற்கு ஏப்ரலும் இல்லை, மார்ச்சும் இல்லை. பிறை ஆண்டுக் கணக்கில், பிள்ளை எந்த நாட்டில் இருந்தாலும் அவருடனேயே பயணம் செய்யும்.

இனி முதலாமவரின் கதைக்கு வருவோம். அவர் 178 நாட்களுடன் போனவர். கோட்டிற்குக் கீழே மூன்றே நாட்கள்தான் மீதம். இவ்வாண்டு ரமளான் பெருநாள் மார்ச் மூன்றாம் வாரத்தில் வந்தது. முதல் பெருநாளுக்கு மகன் வருவான் என்று அவருடைய தாயார் காத்திருந்தார். பத்து நாள் விடுமுறையும் கிடைத்திருந்தது. வந்திருந்தால் 188 நாட்களாகி, துபாயில் பெற்ற அத்தனையும் இந்தியக் கணக்கில் ஏறியிருக்கும். புறப்பட்ட பின் விருந்தாளியாக வந்து தங்கும் நாட்களும் அதே ஆண்டின் கூட்டுத்தொகையில் சேரும். கணக்கர் இதைச் சொல்ல, அவர் பயணத்தை ஏப்ரலுக்குத் தள்ளிவைத்தார். தாயாருக்கு வருத்தம்தான். ஒரு பெருநாளுக்கு ஒன்றரை இலட்சம் என்றால் கொடுக்கலாமே என்று நினைக்கும் பிள்ளையை நாம் குறை சொல்லமாட்டோம். தள்ளிவைத்தவரையும் குறை சொல்லமாட்டோம். தெரிந்து தேர்ந்தெடுத்தார் என்பதே நமக்கு நிறைவு. 2025-இல் பெருநாள் நம் ஊரில் மார்ச் 31 அன்று, நிதியாண்டின் கடைசி நாளில் அமைந்தது. இனிவரும் ஆண்டுகளில் அது பிப்ரவரிக்கும் ஜனவரிக்கும் நகரும்; அப்போதும் அது அதே நிதியாண்டிற்குள்தான் வரும்.

இந்த எண்ணிக்கை எவ்வளவு கண்டிப்பானது என்பதற்குக் கொரோனா காலமே சான்று. 2020 மார்ச்சில் விடுமுறைக்கு வந்து விமானமின்றிச் சிக்கிக்கொண்டவர்களுக்காக, மார்ச் 22 முதல் 31 வரையிலான நாட்களை எண்ண வேண்டாம் என்று மத்திய நேரடி வரிகள் வாரியம் அந்த மே மாதத்தில் தனியே சுற்றறிக்கை விட வேண்டியதாயிற்று. சுற்றறிக்கை இல்லையேல் சிறைப்பட்ட நாளும் நாளே.

நாம் இதுவரை சொன்ன 182 நாள் சலுகை வேலைக்குச் செல்பவருக்கு உரியது. வணிகம் செய்யச் செல்வதும் இதனுள் அடங்கும் எனக் கேரள உயர்நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. ஆனால் கணவருடன் செல்லும் மனைவிக்கும், படிக்கச் செல்லும் மாணவருக்கும் அது பொருந்தும் என்று கொள்ள இயலாது. அவர்களுக்குப் பொதுவிதி: அந்த ஆண்டில் 60 நாட்களும், முந்தைய நான்கு ஆண்டுகளில் 365 நாட்களும் இங்கிருந்தால் வசிப்பவரே. ஆக, ஒரே விமானத்தில் ஏறிய தம்பதியருள் கணவர் வசிக்காதவராகவும், மனைவி வசிப்பவராகவும் இருக்கக்கூடும். மனைவி பெயரில் வீட்டு வாடகையோ வைப்புத் தொகையோ இருந்தால் அவருடைய கணக்கைத் தனியே பாருங்கள்.

வங்கிக் கணக்கைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. அந்நியச் செலாவணி மேலாண்மைச் சட்டம் நாட்களை எண்ணுவதில்லை. என்ன நோக்கத்தில் போனீர் என்று கேட்கிறது. வேலைக்கென்று விமானம் ஏறிய நாளிலிருந்தே அதன் கண்ணில் நீங்கள் வெளிநாட்டில் வசிப்பவர். எனவே, இரண்டாமவர் வரிச் சட்டத்திற்கு உள்நாட்டவர், செலாவணிச் சட்டத்திற்கு வெளிநாட்டவர். இரண்டும் ஒரே நேரத்தில் உண்மை. சாதாரண சேமிப்புக் கணக்கை என்.ஆர்.ஓ. கணக்காக மாற்றிக்கொள்ள வேண்டும். வெளிநாட்டுச் சம்பளத்தை என்.ஆர்.இ. கணக்கில் அனுப்பலாம். என்.ஆர்.இ. வட்டிக்கு வருமான வரி விலக்கு உண்டு என்று வங்கியில் மகிழ்ச்சியுடன் சொல்வார்கள். விலக்கு அரசு தந்தது. வட்டி வட்டியாகவே இருக்கிறது.

நம் மலைச்சரிவுக்கு இதனினும் பெரிய சேதி ஒன்று உண்டு. வெளிநாட்டில் வசிப்பவராகிவிட்டவர் இந்தியாவில் விவசாய நிலமோ தோட்டமோ தம் பெயரில் வாங்கக் கூடாது. முன்பே வாங்கியதை வைத்துக்கொள்ளலாம், வாரிசாக வந்ததையும் வைத்துக்கொள்ளலாம். புதிதாக விலைக்கு வாங்குவதற்கே தடை. மீறினால் தொகையின் மும்மடங்கு வரை அபராதம். இதை அறிந்தவர்கள் அத்தாவுக்குப் பணம் அனுப்பி, அத்தா பெயரில் அரை ஏக்கர் ஏலத்தோட்டம் வாங்குகிறார்கள். அனுப்பிய பணம் ஹிபாவா, கடனா என்று ஒருவரும் எழுதி வைப்பதில்லை. அன்பளிப்பு என்றால் தோட்டம் அத்தாவினுடையது. அவர் காலத்திற்குப்பின் அண்ணன், தம்பி, சகோதரிகள், தாயார் அனைவருக்கும் ஃபராயிள் சட்டப்படி பங்குண்டு. “என் வியர்வையில் வாங்கியது” என்று பிறகு சொல்வதில் பயனில்லை. ஜனாஸா எடுத்த ஈரம் காயும் முன்னே இதற்காகப் பேச்சுவார்த்தை அறுந்த குடும்பங்களுக்கு நடுவே நாம் அமர்ந்திருக்கிறோம். ஒரு தாளில் இரண்டு சாட்சிகளுடன் நான்கு வரி எழுதியிருந்தால் போதுமாயிருந்தது.

மலேசியா, சிங்கப்பூர் செல்வோருக்கு ஒரு சொல்: அங்கே ஆண்டு என்பது ஜனவரி முதல் டிசம்பர் வரை. மலேசியாவில் பொதுவாக 182 நாட்களுக்குக் குறைந்தால் வசிக்காதவராகக் கருதி, சம்பளத்தில் முதல் ரிங்கிட்டிலிருந்தே 30 சதவீதம் பிடிப்பார்கள். அடுத்த ஆண்டின் நீண்ட தொடர் தங்கலுடன் இணைந்திருந்தால் வசிப்பவராகக் கொள்ளும் வழியும் அவர்கள் சட்டத்தில் இருக்கிறது. கேட்டுப் பெறுங்கள். சிங்கப்பூரில் வேலையை விட்டுத் திரும்பும்போது வரி தீர்க்கும்வரை முதலாளி கடைசிச் சம்பளத்தை நிறுத்திவைப்பது சட்டப்படியானதே. அவர் ஏமாற்றுகிறார் என்று சண்டையிட வேண்டாம்.

வதந்திகளையும் நம்ப வேண்டாம். 2020 பட்ஜெட்டின்போது வளைகுடாச் சம்பளம் முழுவதற்கும் வரி வரப்போகிறது என்று பரவியது. அங்கே உழைப்பவர்களின் சம்பளத்திற்கு அது குறிவைக்கவில்லை என்று அரசு மறுநாளே விளக்கியது. 2024-இல், வரித் தீர்வுச் சான்றிதழ் இல்லாமல் யாரும் விமானம் ஏற முடியாது என்று பரவியது. பெரிய முறைகேட்டில் சிக்கியவர்கள், 10 இலட்சத்திற்கு மேல் நேரடி வரி பாக்கி வைத்தவர்கள் போன்ற சிலருக்கே அது தேவை என்று அந்த ஆகஸ்டில் வாரியம் தெளிவுபடுத்தியது.

புறப்படுமுன் நிறுவனத்திடம் வரிப் பிடித்தச் சான்றிதழை அனுப்புமாறு சொல்லி, வீட்டில் ஒருவரின் மின்னஞ்சலையும் கொடுத்துச் செல்லுங்கள். வசிக்காதவர் ஐ.டி.ஆர்.-1 படிவத்தைப் பயன்படுத்த இயலாது. வியாபார வருமானம் இல்லாதவருக்கு ஐ.டி.ஆர்.-2. இரண்டாமவரைப் போல அந்த ஆண்டில் வசிப்பவராக நின்றவர், துபாயில் தொடங்கிய வங்கிக் கணக்கையும் அப்படிவத்தின் வெளிநாட்டுச் சொத்துப் பட்டியலில் காட்ட வேண்டும். சிறுதொகைக்கு இப்போது விலக்குத் தந்திருந்தாலும், காட்டாமைக்கு 10 இலட்சம் ரூபாய் அபராதம் என்பது கருப்புப் பணச் சட்டத்தில் உள்ள சொல். கடவுச்சீட்டின் முத்திரைப் பக்கங்களை ஒவ்வொரு பயணத்திற்குப் பின்னும் படமெடுத்து வையுங்கள். கணக்கரின் கட்டணத்திற்குக் கணக்குப் பார்க்க வேண்டாம்.

சென்ற வாரம் இஷாவுக்குப் பின் இன்னொரு பிள்ளை வந்தார். கத்தாருக்கு அக்டோபர் 2-ஆம் தேதி டிக்கெட். இம்முறை நாம் துஆவுக்கு முன் நாட்காட்டியை எடுத்தோம். 185 வந்தது. டிக்கெட்டை 26-ஆம் தேதிக்கு மாற்ற முடியுமா என்று கேட்கச் சொன்னோம். அவருக்கும் தோட்டம் உண்டு. அத்தா தனியாகப் பறிப்பைப் பார்த்துக்கொள்வாரா என்று வீட்டில் பேசிக்கொண்டிருக்கிறார்கள்.

வஸ்ஸலாம்.